வள்ளி திருமணம் ஏன் விடியும்வரை நடக்கிறது?

புதுக்கோட்டைப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம், அம்மன் கோயில் திடல், பங்குனி மாத இரவு, மணி பத்து. வள்ளி திருமணம் தொடங்கப்போகிறது. முருகனாக வேடம் கட்டுபவர் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். வள்ளி திண்டுக்கல்லிலிருந்து வந்திருக்கிறார். ஆர்மோனியக்காரருக்குக் காரைக்குடி. முருகனும் வள்ளியும் இதற்குமுன் ஒரே மேடையில் நின்றது இல்லை. ஒத்திகை என்ற பேச்சே எழவில்லை. நேரமும் இல்லை, வழக்கமும் இல்லை. ஆனால் கிழக்கு வெளுக்கும்போது இருவரும் மாலை மாற்றியிருப்பார்கள். இடையில் மணிக்கணக்கில் பாட்டும் தர்க்கமும் நடந்திருக்கும். ஓர் அடி தப்பியிருக்காது. தப்பியிருந்தாலும் ஆர்மோனியம் அதை மூடியிருக்கும்.

ஸ்பெஷல் நாடகம் என்று இதற்குப் பெயர். அந்த ஓர் இரவுக்கென்று தனித்தனியாக வரவழைக்கப்பட்ட கலைஞர்கள் ஆடுவதால் ஸ்பெஷல். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘நலிந்துவரும் கலை’ என்று பெருமூச்சு விட்டு முடித்துவிடுகிறார்கள். அந்தப் பெருமூச்சில் எனக்கு நாட்டமில்லை. முன்பின் பழகாத பத்துப் பேர் ஓரிடத்தில் கூடி, ஒத்திகையின்றி விடியும்வரை ஆடுவது எப்படி முடிகிறது என்பதுதான் கேள்வி. இதற்கான விடையை இலக்கணத்தில் தேடுவதைவிட ரயில் பாதையிலும் பஸ் நிலையத்திலும் தேடுவது பயன் தரும் என்பது என் எண்ணம். பயணம் செய்த விதம்தான் இந்த நாடகத்தின் உருவத்தை வார்த்தது.

ஊர்ஊராகப் போய் ஆடுவது தமிழகத்தில் பழைய வழக்கம். வடமாவட்டங்களின் கூத்து மேளங்கள், அதாவது கூத்துக் குழுக்கள், திரௌபதியம்மன் திருவிழாக்களுக்கு இரவிரவாக நடந்தே போய் ஆடின. ஆனால் மேளத்தை ஊர் அழைத்தது. அழைத்த ஊர் சோறும் கூலியும் தந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் தீட்டிய திரைகளோடும் மேடைச் சட்டகத்தோடும் தென்னகம் வந்தபோது வேறொரு கணக்கு உள்ளே நுழைந்தது. தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி போன்றவை அந்த வழியைப் பிடித்துக்கொண்டன. கம்பெனியை யாரும் அழைக்கவில்லை. அது தானாக வந்து கொட்டகை போட்டது, நோட்டீஸ் அடித்தது, டிக்கெட் விற்றது. தரை, பெஞ்சு, நாற்காலி என்று சனங்களைப் பிரித்து உட்கார வைத்தது. வசூல் இருக்கும்வரை இருந்தது. வசூல் படுத்ததும் மூட்டை கட்டியது.

அழைக்கப்பட்டவனுக்கும் அழையாமல் வந்தவனுக்கும் உள்ள இந்த வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைக்கின்றன. அழையாமல் வந்தவன் ஓரிரவில் திரும்ப முடியாது. கொட்டகை போட்ட செலவும் ரயிலில் சாமான் ஏற்றிய செலவும் திரும்பக் கிடைக்க வாரங்கள் ஆகும், பல சமயம் மாதங்கள். ஒரே ஊரில் அத்தனை நாள் ஒரே நாடகத்தை ஆடினால் யார் வருவார்கள்? ஆகவே ஒரு டஜன் நாடகங்களாவது கைவசம் இருக்க வேண்டும். இன்று கோவலன், அடுத்து பவளக்கொடி, அதற்கடுத்து சத்தியவான் சாவித்திரி என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். காட்சிப் பகட்டை நம்பியவர்களுக்கு இன்னும் பெரிய சுமை. சி. கன்னையாவின் கம்பெனி தசாவதாரம் போன்ற நாடகங்களைத் தந்திரக் காட்சிகளாலும் திரைச்சீலைகளாலும் அலங்கரித்துப் பெயர் வாங்கியது. பின்னால் நவாப் ராஜமாணிக்கம் அந்தப் பகட்டை இன்னும் மேலே கொண்டுபோனார். சீன் கனக்கக் கனக்க, ஓர் ஊரில் தங்க வேண்டிய நாள்களும் நீண்டன. பகட்டுக்கு ஏற்றது பெரிய ஊர்தான். சிற்றூருக்கு அது கட்டுப்படியாகாது.

தங்குவதற்குக் ‘கம்பெனி வீடு’. ஓர் ஊருக்குப் போனதும் முதலில் பிடிக்க வேண்டியது அதுதான். முதலாளி, வாத்தியார், நடிகர்கள், பக்கவாத்தியக்காரர்கள், சீன் இழுப்பவர்கள், சமையல்காரர் அனைவருக்கும் ஒரே கூரை, ஒரே உலை. வாத்தியார் என்றால் பள்ளி வாத்தியார் இல்லை. நாடகம் எழுதி, பாடம் சொல்லிக்கொடுத்து, பாட்டுக்கு மெட்டுக் கட்டி, பிசகினால் பிரம்பெடுப்பவர். பிற்காலத்தில் எம்.ஜி.ஆரை ஊரே வாத்தியார் என்று அழைத்தபோது அந்தச் சொல்லில் கம்பெனி வீட்டு வாடை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததாகவே எனக்குப் படுகிறது.

அந்த வாத்தியார்களில் தலையாயவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் பிறந்தவர், தூத்துக்குடிச் சீமைக்காரர். தொடக்கத்தில் நடிகராக இருந்தார். எமன், சனீசுவரன் போன்ற அச்சமூட்டும் வேடங்கள் அவருக்குரியவை. அவர் நடிப்பைக் கைவிட்டதற்கு ஒரு கதை சொல்வார்கள். இரவெல்லாம் சனீசுவரனாக ஆடிவிட்டு, விடியற்காலையில் வேடத்தைக் கழுவ நீர்நிலைக்குப் போயிருக்கிறார். எதிரே வந்த கர்ப்பிணி ஒருத்தி அந்த உருவத்தைக் கண்டு அஞ்சி விழுந்து உயிரை விட்டாள். அன்றோடு அவர் அரிதாரம் பூசுவதை நிறுத்திவிட்டார். கதையை அவரது நடிப்பாற்றலுக்குச் சான்றாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதில் கண்ணில் படுவது வேறு: வேடம் கழுவ ஓர் அறையோ ஒரு வாளித் தண்ணீரோ கொட்டகையில் இல்லை. ஆற்றுக்கும் குளத்துக்கும் போவதுதான் வழி. ஊர் மாறினால் குளமும் மாறும், அவ்வளவே.

நடிப்பை விட்ட சுவாமிகள் எழுத்திலும் பயிற்சியிலும் இறங்கினார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை. பிறகு 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. இரண்டாவது பெயரில் உள்ள ‘பால’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முழுக்கச் சிறுவர்களைக் கொண்ட கம்பெனி. பாய்ஸ் கம்பெனி என்று தமிழகம் அழைத்த முறைக்கு அந்தக் காலம் வளமான மண்ணாக இருந்தது. ஜெகந்நாதய்யர் கம்பெனி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

ஏன் சிறுவர்கள்? வளர்ந்த நடிகர்களின் கட்டுப்பாடின்மை சுவாமிகளுக்குச் சலித்துவிட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை இருக்கலாம். பயணக் கணக்கும் அதே பக்கம்தான் பேசுகிறது. பெயரெடுத்த ராஜபார்ட்டுக்கு, அதாவது கதாநாயக வேடக்காரருக்கு, வேறொரு கம்பெனி நாலு ரூபாய் கூடுதலாகக் காட்டினால் நடு ஊரில் விட்டுவிட்டுப் போய்விடுவார். அன்றைய டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதுதான். பையனால் அப்படிப் போக முடியாது. அவனுக்குச் சோறு, துணி, பாயோடு ஓர் இடம் போதும். பெண் வேடமும் அவனே கட்டுவான். பத்துப் பன்னிரண்டு நாடகங்களை மனப்பாடமாக்க அந்த வயதைப் போல ஏற்ற வயதும் வேறில்லை. டி.கே. சண்முகம் சுவாமிகளின் சபையில் அண்ணன்மாரோடு சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. எம்.ஜி.ஆர். பள்ளி வயதிலேயே ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு வந்தவர். சிவாஜி கணேசன், தான் ஓர் அனாதை என்று சொல்லி பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் சேர்ந்துகொண்டதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்பா அம்மா இருந்தால் அழுது ஊருக்குப் போகக் கேட்பான் என்ற முதலாளிகளின் கவலை அந்தப் பொய்க்குப் பின்னால் இருந்திருக்கும்.

கம்பெனிப் பையனின் நாளில் காலையில் பாட்டு, பிறகு பாடம், பிற்பகலில் கொஞ்சம் உறக்கம், இரவில் நாடகம். உறக்கம் குறைவு, அடி தாராளம். இந்தப் பயிற்சியைப் புகழ்ந்து பேசும் பழைய நடிகர்கள் அடியையும் அதே மூச்சில் புகழ்வார்கள். நாம் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆறு வயதுக் குழந்தையின் உழைப்பில் ஓடிய வண்டி அது.

அந்த வண்டிக்கு இயற்கையே ஒரு தடை வைத்திருந்தது. மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையனின் குரல் உடையும். நேற்றுவரை எட்டுக்கட்டைச் சுருதியில் எழும்பிய தொண்டை இன்று கரகரக்கும். பாட்டே உயிராக இருந்த நாடகத்தில் குரல் போனவனுக்கு என்ன வேலை? அதிர்ஷ்டம் இருந்தால் சேவகன் வேடமோ, பபூன் என்கிற கோமாளி வேடமோ, சீன் இழுக்கும் வேலையோ கிடைக்கும். இல்லாவிட்டால் எந்த ஊரில் குரல் போனதோ அந்த ஊரிலிருந்தே வீட்டுக்கு ரயில். புதுக் குரல் நன்றாக வந்து அமைந்தவன் மீண்டும் ராஜபார்ட் ஆனான். அமையாதவர்களைப் பற்றி யாரும் சுயசரிதை எழுதவில்லை. ஆட்டத்தில் மிஞ்சியவர்களின் நினைவுகளை வைத்தே நாம் கம்பெனி வாழ்க்கையைப் பார்க்கிறோம் என்பதை மறந்துவிடக்கூடாது.

சுவாமிகளின் முடிவும் பயணத்தில்தான் நேர்ந்தது. பக்கவாதம் தாக்கிப் பேச்சிழந்த நிலையிலும் அவர் சபையோடு ஊர்ஊராகச் சென்றார். 1922 நவம்பர் 13 அன்று, கம்பெனி முகாமிட்டிருந்த புதுச்சேரியில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். மதுரைக்கு அவரைக் கொண்டுவர முடியவில்லை. மதுரை இன்றும் ஆண்டுதோறும் அவருக்கு குருபூசை எடுத்து ஈடு செய்துகொள்கிறது. அவரிடம் பயின்ற டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் சொந்தமாக பால சண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். என்.எஸ். கிருஷ்ணன் அதில் தேறியவர்தான்.

ஆனால் சுவாமிகள் விட்டுச் சென்ற பெரிய சொத்து எந்த ஒரு கம்பெனிக்கும் போய்ச் சேரவில்லை. அவர் எழுதிய நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் கையெழுத்துப் பிரதிகளாகவும் மலிவு அச்சுப் புத்தகங்களாகவும் சீடர்களின் மனப்பாடமாகவும் நாடெங்கும் பரவின. வள்ளி திருமணத்தில் முருகன் எந்தப் பாட்டோடு நுழைவார், வள்ளி கிளி விரட்டும்போது என்ன பாடுவாள், நாரதர் எங்கே கலகத்தை மூட்டுவார் என்பதெல்லாம் திருச்சி நடிகருக்கும் திருநெல்வேலி நடிகருக்கும் ஒன்றுபோலவே தெரியும். அகல ரயில் பாதை போல. தண்டவாள இடைவெளி ஒன்றாக இருந்தால் எந்த ஊர்ப் பெட்டியையும் எந்த ஊர் எஞ்சினோடும் கோக்கலாம் அல்லவா? ஸ்பெஷல் நாடகம் பிறப்பதற்கு வேண்டிய அடிப்படை இப்படித்தான் அமைந்தது. அதன்பிறகு கம்பெனி வீடு தேவையில்லை, பொது உலை தேவையில்லை. ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி போதும்.

எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றவர்களின் புகழ் இந்த முறைக்கு இன்னும் வேகம் கொடுத்தது. சனங்கள் கம்பெனி பெயரைக் கேட்டு வரவில்லை, ஆளின் பெயரைக் கேட்டு வந்தார்கள். காண்டிராக்டர் அந்த இருவரை மட்டும் ஓர் இரவுக்குப் பேசி முடித்தால் போதும். மற்ற வேடங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருக்கவே இருந்தார்கள். அந்த இருவரின் பாட்டுப் பயணம் கடல் தாண்டி இலங்கைக்கும் போனது.

எழுதிய பாடம் பொதுவாக இருந்தாலும் மேடையில் அது எழுதியபடியே ஒலிக்கவில்லை. எலும்புக்கூடு மட்டும் சுவாமிகளுடையது. சதை அந்தந்த இரவுக்கு உரியது. வள்ளியும் வேடனும் செய்யும் தர்க்கம் இரண்டு நடிகர்களின் வாய்ச்சாமர்த்தியத்தைப் பொறுத்து அரை மணியும் போகும், இரண்டு மணியும் போகும். இந்த இளக்கம் அரசியலுக்கு வாசல் திறந்தது. விசுவநாததாஸ் முருகன் வேடத்தில் நின்று ‘கொக்கு பறக்குதடி பாப்பா’ என்று பாடினால் வெள்ளைக்கொக்கு வெள்ளைக்காரன்தான் என்று தரை டிக்கெட்காரனுக்கும் தெரியும், ஓரமாக நின்ற போலீஸ்காரருக்கும் தெரியும். பலமுறை கைதானார், வெளியே வந்து அடுத்த ஊரில் பாடினார். 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் நாடகத்தை ஒரு பிரதியாகப் பார்த்தது, தடை செய்ய ஏதோ ஒன்று கையில் அகப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தது. வள்ளி திருமணத்தைத் தடை செய்வது எப்படி? புராணக் கதையாயிற்றே. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் அதே முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. விடுதலைக்குப் பிறகும் அரசுகளுக்கு நாடகத்தின் மேல் இருந்த அச்சம் விடவில்லை, எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் கிளப்பிய கொந்தளிப்புக்கு நடுவே 1954இல் சென்னை மாநிலம் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன் முக்கியப் பிரிவுகளை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல 2013 வரை ஆயிற்று.

பேசும்படம் 1931இல் வந்தது. கம்பெனிகளைச் சினிமா கொன்றது என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நடிகர்களைச் சினிமா இழுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அதைவிட ஆழமாகக் குத்தியது கொட்டகை கைமாறியது. கொட்டகைச் சொந்தக்காரருக்கு நாற்பது பேர் கொண்ட கம்பெனியைவிட ஒரு படப்பெட்டி வசதி. படப்பெட்டி சோறு கேட்காது, காய்ச்சலில் படுக்காது, முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடாது. மாதக்கணக்கில் தங்கக் கொட்டகை கிடைக்காத கம்பெனிக்கு ஊர்ஊராகப் போவதில் பொருளில்லை. கொட்டகையே வேண்டாத ஸ்பெஷல் நாடகம் தப்பியது. அது மீண்டும் பழைய கூத்து மேளத்தின் கணக்குக்கே திரும்பியிருந்தது: டிக்கெட் இல்லை, ஊர் அழைக்கிறது, ஊர் வரி போட்டுப் பணம் தருகிறது, திடலில் பந்தல் போதும்.

இன்றைய பயணம் அந்தக் கணக்கின்படிதான். பங்குனியில் தொடங்கி ஆடிவரை திருவிழாப் பருவம். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் போன்ற ஊர்களில் நடிகர் சங்கங்கள் உண்டு. விழாக் கமிட்டியார் சங்கத்துக்கோ ஏஜெண்டிடமோ வந்து ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன் யார், டான்ஸ் யார் என்று பேசி அச்சாரம் கொடுத்துத் தேதி குறிப்பார்கள். பருவம் உச்சத்தில் இருக்கும்போது கேட்பாருள்ள கலைஞர் அடுத்தடுத்த இரவுகளில் அடுத்தடுத்த மாவட்டங்களில் நிற்பார். உறக்கம் பஸ்ஸில்தான். பெட்டியில் கிரீடம், ஜரிகை உடுப்பு, அரிதாரம், ஒரு கண்ணாடி.

பெண் கலைஞர்களுக்கு இந்தப் பயணம் இருமடங்கு கடினம். மேடையில் ஆயிரம் பேர் பார்க்கப் பாடுகிறவள் பகலில் பஸ் நிலையத்தில் யாரும் பாராதபடி இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. 1990களில் மதுரையில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர், இந்தப் பெண்கள் பயணத்துக்குள்ளேயே ஒரு வீட்டை எப்படிக் கட்டிக்கொள்கிறார்கள் என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். எங்கே காத்திருப்பது, யார் பக்கத்தில் உட்காருவது, ஊருக்குள் எந்த வழியாக நுழைவது என்பதெல்லாம் அவர்களுக்கு அற்ப விஷயங்கள் இல்லை. வந்த கிராமத்தில் பெரும்பாலும் லாட்ஜ் இருக்காது. பள்ளிக்கூடத் திண்ணையோ, யாரோ ஒருவர் வீட்டு முன்னறையோ, மேடைக்குப் பின்னால் தட்டி மறைவோதான்.

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வரலாம். இரவு ஒன்றரை மணிக்கு நாடகம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு பேர், அவர்களில் பெண்கள் சிலர், எங்கே போவார்கள்? பஸ் இல்லை. பக்கத்துக் கிராமங்களிலிருந்து நடந்து வந்த பார்வையாளர்களும் அந்த இருட்டில் திரும்ப விரும்பமாட்டார்கள். விளக்கு எரிகிற, ஆட்கள் விழித்திருக்கிற, ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற மேடையைவிடப் பாதுகாப்பான இடம் அந்த நேரத்தில் கலைஞர்களுக்கு வேறில்லை. ஆகவே பபூன் இன்னொரு பாட்டுப் பாடுகிறார். தர்க்கம் இன்னொரு சுற்றுப் போகிறது. கிழவர் வேடத்தில் வந்த முருகன் தேனும் தினைமாவும் கேட்டு நேரத்தைக் கடத்துகிறார். முதல் பஸ்ஸுக்கு நேரமாகும்போது யானை வந்து வள்ளியை அச்சுறுத்தும், கல்யாணம் மடமடவென்று முடியும். கலைமரபு, நேர்த்திக்கடன் என்று வேறு விளக்கங்கள் இருக்கின்றன, அவற்றை நான் மறுக்கவில்லை. முதல் பஸ்ஸையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்கிறேன்.

சட்டம் இந்த ஏற்பாட்டோடு ஒத்துப்போவதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு பத்து முதல் காலை ஆறுவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கென்று மாநில அரசு ஆண்டுக்குப் பதினைந்து நாள்கள் வரை தளர்த்தினாலும் அந்தத் தளர்வு நள்ளிரவோடு முடிந்துவிடும். நாடகமோ பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது. சட்டம் எழுதியவர்கள் நகரத்தில் உறங்குபவரை நினைத்து எழுதினார்கள், நியாயம்தான். ஆனால் ‘பன்னிரண்டுக்குள் முடித்துவிடுங்கள்’ என்று சொல்கிறவர், முடித்தபின் அந்தப் பன்னிரண்டு பேரும் எங்கே படுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது பங்குனி பன்னிரண்டாம் நாள். பருவத்தின் வாசற்படியிலேயே கதவு சாத்தப்பட்டது. அடுத்த ஆண்டுச் சித்திரையில் இரண்டாம் அலை. பருவத்தின் வருமானத்தில் பன்னிரண்டு மாதம் வாழ்கிறவர்களுக்கு அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் போயின. டிரங்குப் பெட்டிகள் வீட்டிலேயே கிடந்தன. பலர் கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போனார்கள். திருவிழாக்கள் திரும்பியபோது ஏஜெண்டுகள் பழைய எண்களுக்குப் போன் செய்தார்கள். வந்தவர்களுக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. இரண்டு ஆண்டு ஆடாமல் இருந்தவர்கள் திடலில் சந்தித்து, எந்தச் சுருதி என்று ஆர்மோனியக்காரரிடம் மட்டும் கேட்டுக்கொண்டு மேடையேறினார்கள்.